பூ கட்ட முடியுது, தலையில வைக்க முடியல

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுல ரெண்டு தடவ வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம். மத்தபடி பேசினது பேசினபடியே.

இன்னைக்கு டெக் இல்ல, ஸ்டார்ட்அப் இல்ல. ஒரு நோயைப் பத்திப் பேசப் போறேன். பேரு கொஞ்சம் நீளம்: டெர்மட்டோமயோசைட்டிஸ். இந்தப் பேரை இதுக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா, அநேகமா 2024 பிப்ரவரியில, ஒரு செய்தியில கேட்டிருப்பீங்க.

'தங்கல்' படம் ஞாபகம் இருக்கா? 2016 டிசம்பர்ல வந்துச்சு. அதுல சின்ன வயசு பபிதாவா நடிச்ச பொண்ணு சுஹானி பட்நாகர். ஃபரிதாபாத்காரங்க. படத்துக்கு அப்புறம் படிப்புதான் முக்கியம்னு காலேஜ்ல ஜர்னலிசம் சேர்ந்தாங்க. 2024 பிப்ரவரி 16 அன்னைக்கு டெல்லி எய்ம்ஸ்ல இறந்துட்டாங்க. வயசு 19.

முதல்ல வந்த செய்திகள்ல, கால் முறிவு, அதுக்குக் கொடுத்த மருந்து ஒத்துக்கல, உடம்புல நீர் கோத்துடுச்சுன்னு போட்டாங்க. அப்புறம்தான் பெற்றோர் பேசினாங்க. ரெண்டு மாசம் முன்னாடி கையில வீக்கம் ஆரம்பிச்சிருக்கு. அது மெல்ல உடம்பு பூரா பரவியிருக்கு. பல டாக்டரைப் பாத்தும் என்னன்னு பிடிபடல. கடைசியா எய்ம்ஸ்ல சேர்த்தப்போதான் நோய்க்குப் பேரு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் அவங்களுக்குக் கிடைச்சது பத்துப் பன்னிரண்டு நாள்தான். ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, எதிர்ப்புச் சக்தி இறங்குச்சு, தொற்று வந்துச்சு, நுரையீரல்ல நீர் கோத்துச்சு.

அந்தச் செய்தி என் டைம்லைன்ல ஒரு நாள் ஓடுச்சு. கீழ கமெண்ட்ல நூறு பேர் கேட்ட கேள்வி ஒண்ணுதான்: இது என்ன நோய், கேள்விப்பட்டதே இல்லையே? எங்க வீட்ல அந்தக் கேள்வி வரல. ஏன்னா எங்க சித்திக்கு இதே நோய்தான்.

சித்தி அனுமதி கொடுத்ததாலதான் இதைச் சொல்றேன். "பேரு மட்டும் போடாத மக்ளே, மத்ததெல்லாம் சொல்லு"ன்னாங்க. அவங்க இருக்கிறது சுசீந்திரத்துல, கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவிலுக்குப் பக்கம். நான் படிச்சு முடிச்சு வேலைக்கு வெளியூர் வந்துட்டேன், அவங்க அங்கேயேதான்.

முதல்ல கண் இமை கறுத்துச்சு. மேல் இமை, ரெண்டு கண்லயும். லேசான வீக்கம். கேட்டா, "ஒறக்கமில்லாம இருக்கும்"னாங்க. அப்புறம் கைவிரல் முட்டி மேல எல்லாம் கரகரன்னு சின்னச் சின்னத் தடிப்பு. பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கலன்னு முடிவு பண்ணி சோப்பை மாத்தினாங்க. தலையில தாங்க முடியாத அரிப்பு. பொடுகுன்னு ஷாம்பு மாத்தினாங்க. தோல் டாக்டர் ஒருத்தர் அலர்ஜின்னு களிம்பு கொடுத்தார். பூசினா நாலு நாள் குறையும், திரும்ப வரும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தரையில உக்காந்தா எழுந்திரிக்கக் கை ஊன்ற வேண்டியிருந்துச்சு. பஸ் படியில கால் தூக்கி வைக்க முடியாம கம்பியப் பிடிச்சு உடம்பை இழுத்து ஏறினாங்க. இதுக்கு எலும்பு டாக்டர்கிட்ட போனாங்க. எக்ஸ்ரே, கழுத்துத் தேய்மானம், பெல்ட், வலி மாத்திரை. ஐம்பது வயசுப் பொம்பளைக்கு நம்ம ஊர்ல வழக்கமாக் கிடைக்கிற பதில்.

மூணாவதா ஒண்ணு நடந்துச்சு, அதுதான் எல்லாத்தையும் குழப்புச்சு. ரத்தப் பரிசோதனையில எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரெண்டும் ஏகத்துக்கு ஏறியிருந்துச்சு. அந்த ரெண்டு பேரையும் பாத்தவுடனே எல்லாருக்கும் தோணுறது ஈரல். மஞ்சக் காமாலை கண்ணுக்குத் தெரியாம இருக்குன்னு ஒருத்தர் சொல்ல, வீட்ல கீழாநெல்லி அரைக்க ஆரம்பிச்சாச்சு. எண்ணெய், காரம் எல்லாம் நிறுத்தியாச்சு.

இதைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ஈரல்ல மட்டும் இருக்கிற நொதி இல்ல. தசையிலயும் இருக்கு. தசை சேதமானா அதுவும் ரத்தத்துல கசியும், ஏறும். ஈரல்தானா தசையான்னு பிரிச்சுப் பாக்க சிபிகேன்னு தனி டெஸ்ட் இருக்கு. சிலர் சிகேன்னு சொல்வாங்க. அது தசைக்கானது. நம்ம ஊர் லேப்லயே எடுக்கலாம், பெரிய செலவும் இல்ல. வழக்கமா 200-க்குள்ள இருக்கும். சித்திக்குக் கடைசியில எடுத்தப்போ 4,000-க்கு மேல. ஈரல் நல்லாத்தான் இருந்துச்சு.

நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, மூணு டிக்கெட் மூணு டீம் க்யூல கிடந்துச்சு. தோலுக்கு ஒண்ணு, எலும்புக்கு ஒண்ணு, ஈரலுக்கு ஒண்ணு. ஒவ்வொரு டீமும் அவங்க டிக்கெட்டை நேர்மையாத்தான் பாத்தாங்க. மூணையும் ஒரே ஸ்க்ரீன்ல யாரும் திறந்து பாக்கல. இப்படியே ஏழு மாசம் போச்சு.

எட்டாவது மாசம் வேற ஒரு டாக்டர். வயசானவர். ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி சித்தி தலையைப் பாத்துட்டுக் கேட்டாராம்: "கொண்டை நல்லா இருக்கே, யாரு போட்டு விட்டா?" சித்தி சொன்னாங்க, மகதான்னு. "ஏன், நீங்க போட மாட்டீங்களா?" "கை மேல போவ மாட்டேங்கு டாக்டர்." அப்புறம் இமையைப் பாத்தார். விரல் முட்டியைப் பாத்தார். நகக்கண்ணை ஒரு லென்ஸ் வச்சுப் பாத்தார். சிபிகே எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கொண்டைக் கேள்வியைத்தான் நான் உங்ககிட்ட கொண்டு வர நினைச்சேன். ஏன் அது சரியான கேள்வின்னு சொல்றேன்.

டெர்மா தோல், மயோ தசை, அழற்சி. மூணையும் சேர்த்து 1891-ல அன்வெரிக்ட்டுன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் வச்ச பேரு. நம்ம எதிர்ப்புச் சக்தியே நம்ம உடம்பைத் தாக்குற நோய்கள்ல ஒண்ணு. வைரஸ் வந்தா உடம்புல ஒரு அலாரம் அடிக்கும், இன்டர்ஃபெரான்னு பேரு. இந்த நோய்ல உள்ள யாரும் வராமலே அந்த அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கு. தசைக்குள்ள போற குட்டி ரத்தக் குழாய்கள் அடிபடுது, தசை நார் பட்டினி கிடந்து சுருங்குது. ஏன் ஆரம்பிக்குதுன்னா, மரபணுவுல ஒரு சாய்வு இருக்கலாம், மேல ஏதோ ஒரு தூண்டுதல். அபூர்வமான நோய்தான்: வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒருத்தருக்குப் புதுசா வரும்னு ஒரு கணக்கு. ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. குழந்தைகள்ல அஞ்சு வயசுலேருந்து பதினஞ்சுக்குள்ள, பெரியவங்கள்ல நாப்பதுலேருந்து அறுபதுக்குள்ள அதிகம். சுஹானி மாதிரி நடுவுலயும் வரும்.

இது எல்லாத் தசையையும் ஒரே மாதிரி அடிக்காது. நடு உடம்புக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய தசைங்க: தோள், மேல்கை, இடுப்பு, தொடை. கடைசியில தொண்டையும். விரல்ல பலம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனாலதான் சித்தியால பூ கட்ட முடிஞ்சுது. எங்க மாவட்டத்துல தோவாளைப் பூச்சந்தை பக்கத்துல இருக்கிறதால பூ கட்டத் தெரியாத பொம்பளைங்க கம்மி. நோய் உச்சத்துல இருந்தப்பவும் சித்தி மடியில பிச்சிப்பூவைப் போட்டு, நார்ல கடகடன்னு முழம் முழமாக் கட்டுவாங்க. கட்டி முடிச்சதை அவங்க தலையில அவங்களால வைக்க முடியாது. பாக்கிறவங்களுக்கு, "பூ கட்டுதா, கைக்கு என்ன? சும்மா சோம்பல்"னு தோணும். சிலர் சொல்லவும் சொன்னாங்க. ஆனா அந்த வித்தியாசமேதான் நோயோட கையெழுத்து.

இப்போ தோல். பாடப் புத்தகத்துல இந்த நோய்க்கு எழுதியிருக்கிற முதல் அடையாளம் ஹீலியோட்ரோப் ராஷ். ஹீலியோட்ரோப்ங்கிறது ஒரு செடி, ஊதா நிறப் பூ. மேல் இமையில அந்த நிறம் வரும்ங்கிறாங்க. நம்ம ஊர்ல கத்தரிப்பூ நிறம்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அது. பிரச்சினை என்னன்னா, அது வெள்ளைத் தோல்ல. மாநிறத்துலயும் கறுப்புலயும் அது கத்தரிப்பூவா வராது. காப்பி நிறமா, சாம்பல் கலந்த கறுப்பா வரும். நமக்கு அது கருவளையம், தூக்கமின்மை, வெயில்ல அலைஞ்சது, "முகம் வாடியிருக்கு". விரல் முட்டியிலயும் அதே கதைதான். சிவப்பா மின்னும்னு எழுதியிருக்கும், நம்ம தோல்ல கறுத்து மொரமொரப்பா இருக்கும். அப்போ நிறத்தைத் தேடாம இடத்தைப் பாருங்க. மேல் இமை. விரல் கணுக்களுக்கு நேர் மேல. முழங்கை, முழங்கால். கழுத்துக்குக் கீழ ஜாக்கெட் வெட்டு மாதிரி ஒரு முக்கோணம். தோள்லயும் முதுகுலயும் சால்வை போத்தின மாதிரி. பெரும்பாலும் வெயில் படுற இடங்கள். லூபஸ்னு இன்னொரு நோய் இருக்கு, அதுல கைத்தடிப்பு கணுக்களை விட்டுட்டுக் கணுக்களுக்கு நடுவுல வரும். அவ்வளவு நுணுக்கமா தோல் பேசுது.

தோல் பேசுறதை எங்க ஊர்ல வேற மாதிரியும் கேட்டிருக்காங்க. இந்தப் பேச்சு சித்தி வீட்டு வாசல் வரைக்கும் வந்ததால இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

சுசீந்திரம்ங்கிற பேருக்கே தலபுராணம் சொல்ற விளக்கம், இந்திரன் சுசியான இடம், அதாவது சுத்தமான இடம். அகலிகை கதை தெரியும்ல. கௌதமர் சாபத்துல இந்திரன் உடம்பு பூரா அவமானக் குறி. இங்க வந்து தாணுமாலயனை வணங்கி அது நீங்குச்சுன்னு கதை. இன்னைக்கும் ராத்திரி அர்த்தஜாம பூஜையை இந்திரனே வந்து பண்றதா ஊர்ல நம்பிக்கை. கதைப்படி பாத்தா, தோல்ல தெரியிறது உள்ள செஞ்ச தப்பு.

கதையோட அது நிக்கல. திருவிதாங்கூர் ராஜ்யம் இருந்த காலத்துல சுசீந்திரம் கோயில்ல கைமுக்குன்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. பெண் தொடர்புக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரியைக் கூட்டிட்டு வந்து, கொதிக்கிற நெய்யில கையை முக்கச் சொல்வாங்க. அப்புறம் கையைக் கட்டி, சில நாள் கழிச்சு அவிழ்த்துப் பாப்பாங்க. தோல் வேகலன்னா நிரபராதி. வெந்திருந்தா குற்றவாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பாதியில, சுவாதித் திருநாள் மகாராஜா காலத்துல இதை நிறுத்தினாங்க. சுசீந்திரம் கோயிலைப் பத்தி கே. கே. பிள்ளை 1953-ல ஒரு தனிப் புத்தகமே போட்டார், ஆர்வம் இருக்கிறவங்க தேடிப் படிங்க. மியூசிக் தூண், பெரிய ஆஞ்சநேயர்னு ரீல்ஸ் எடுக்க வர்றவங்களுக்கு இந்தக் கதை யாரும் சொல்றதில்ல.

நெய்க் கொப்பரை போய் நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா சித்தி முகம் கறுத்தப்போ பக்கத்துத் தெருவுலேருந்து வந்த முதல் கேள்வி, "என்ன தோஷம்னு பாத்தியாட்டி?" நாகதோஷம்னு ஒருத்தர். நாகர்கோவில் நாகராஜா கோயில்ல தோல் வியாதிக்கு வேண்டிக்கிறது எங்க பக்கம் பழைய பழக்கம், சித்தியும் போனாங்க, ஞாயித்துக்கிழமை பால் ஊத்தினாங்க. அதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல, சித்திக்கு அது தெம்பு. வருத்தம் வேற இடத்துல. ஒரு கல்யாண வீட்ல சித்தி பக்கத்துல உக்காந்திருந்தவங்க எழுந்து வேற பந்திக்குப் போனாங்க, ஒட்டிக்கும்னு. அதுக்கப்புறம் சித்தி ரெண்டு வருஷம் எந்த விசேஷத்துக்கும் போகல. இது ஒட்டாது மக்களே. தொட்டா, ஒரே தட்டுல சாப்பிட்டா, ஒரே பாயில படுத்தா, எதுலயும் ஒட்டாது. சித்தி செஞ்ச எதுக்கும் இது தண்டனையும் இல்ல.

சரி, கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் என்ன? இந்த நோய்ல பேரு வச்சவுடனே வேலை முடியாது. இரண்டு விஷயத்தைத் துரத்திப் பாக்கணும். ஒண்ணு நுரையீரல். சிலருக்கு எம்டிஏ-5னு ஒரு எதிரணு ரத்தத்துல இருக்கும். அவங்களுக்குத் தசை பலவீனம் கொஞ்சமாத்தான் தெரியும், சில சமயம் தெரியவே தெரியாது, சிபிகேயும் சாதாரணமா இருக்கலாம். ஆனா நுரையீரல் வாரக் கணக்குல மோசமாகும். தோல்ல தடிப்பு, கூட வறட்டு இருமல், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதுன்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விடக் கூடாது. ரெண்டாவது புற்றுநோய். பெரியவங்கள்ல, ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், ஏறக்குறைய அஞ்சுல ஒருத்தருக்கு உள்ள எங்கேயோ ஒரு கட்டி இருக்கும், இல்ல முதல் சில வருஷத்துல வெளிய வரும். இதைக் கேட்டா பயமா இருக்கும், தெரியும். ஆனா கட்டியைச் சின்னதா இருக்கும்போதே பிடிக்கத் தோல் கொடுக்கிற துப்பு இது. சித்திக்கு மார்பகம், கர்ப்பப்பை, வயிறு, எல்லாம் தேடினாங்க. ஒண்ணும் இல்ல. வருஷா வருஷம் திரும்பப் பாக்கிறாங்க. குழந்தைகளுக்கு வர்ற வகையில இந்தப் புற்றுநோய்த் தொடர்பு இல்ல. அவங்களுக்குத் தோலுக்கு அடியில சுண்ணாம்பு மாதிரி கட்டிகள் படியிறது தனித் தொல்லை.

மருந்துல முதல் ஆளு இன்னும் ஸ்டீராய்டுதான். இங்க ஒரு சிக்கல். நெட்ல "ஸ்டீராய்டு விஷம்"னு பாத்துட்டு, முகம் உப்பிடுச்சுன்னு பயந்து, தானா ஒரே நாள்ல நிறுத்துறவங்க இருக்காங்க. மாசக்கணக்கா ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானா சுரக்க வேண்டியதைக் குறைச்சிருக்கும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்ற வேகத்துல படிப்படியாத்தான் இறங்கணும். அப்படி இறங்குறதுக்காகத்தான் கூடவே மெத்தோட்ரெக்சேட், அசதயாப்ரின் மாதிரி இன்னொரு மருந்து தர்றாங்க. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் இல்ல. இதைத் தினமும் போட்டு உயிர் போனவங்க உலகம் பூரா உண்டு. சித்தி வீட்டுக் காலண்டர்ல ஒவ்வொரு புதன்கிழமையும் மஞ்சள் பேனாவால வட்டம். அந்த மாத்திரை அட்டை மத்த மருந்தோட இருக்காது, அலமாரியில தனி டப்பா. இந்த மருந்தெல்லாம் எதிர்ப்புச் சக்தியை இறக்குறதால, நம்ம நாட்டுல முதல்ல காசநோய் ஒளிஞ்சிருக்கான்னு பாக்காம ஆரம்பிக்கக் கூடாது. காய்ச்சல் வந்தா டோலோ போட்டுக் காத்திருக்கவும் கூடாது.

இதுக்கு அடங்கலன்னா நரம்பு வழியா இம்யூனோகுளோபுலின் ஏத்துவாங்க. 95 பேரை வச்சு நடத்தின ப்ரோடெர்ம்னு ஒரு ஆய்வு 2022-ல வெளியாச்சு. 16 வாரத்துல, மருந்து வாங்கினவங்கள்ல 79 சதவீதம் பேருக்குத் தேறுச்சு. வெறும் டம்மி மருந்து வாங்கினவங்கள்ல 44. நல்ல வித்தியாசம். ஆனா விலை, சொந்தக் காசுல வாங்கினா குடும்பத்தையே உலுக்கும். இப்போ, முன்ன சொன்ன அந்த அலாரம் ஒயரையே நடுவுல வெட்டுற டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரைகளையும் டாக்டர்கள் சிலருக்குக் கொடுக்கிறாங்க.

நோய் வந்தா அவ்வளவுதானான்னா, இல்ல. லாரன்ஸ் ஒலிவியேன்னு பெரிய பிரிட்டிஷ் நடிகர். 1974-ல அவருக்கு இது வந்துச்சு, பிழைப்பாரான்னே சந்தேகம். 1976-ல 'மாரத்தான் மேன்' படத்துல அந்தப் பல் டாக்டர் வில்லனா வந்து எல்லாரையும் நடுங்க வச்சார். 1989 வரைக்கும் இருந்தார்.

முன்னெல்லாம் தசை நோய்னா படுத்து ஓய்வெடுன்னு சொல்வாங்க. 1990-களுக்கு அப்புறம் வந்த ஆய்வுகள் அதைத் திருப்பிப் போட்டுச்சு: அளவான உடற்பயிற்சி தசைக்குக் கெடுதல் பண்ணாது, நல்லதே பண்ணுது. பிசியோதெரபிஸ்ட் பாத்துச் சொல்ற அளவு. சித்திக்குக் கொடுத்த முதல் பயிற்சி, நாற்காலியிலேருந்து கை ஊன்றாம எழுந்திரிக்கிறது. முதல் நாள் ஒண்ணு. இப்போ ஒரே மூச்சுல பன்னிரண்டு. வெயில்தான் இன்னும் எதிரி. சன்ஸ்க்ரீன்னு சொன்னா ஊர்ல சிரிப்பாங்க, "கறுத்த தோலுக்கு என்னத்துக்கு கிரீம்"னு. கறுத்த தோலுக்கும் வேணும், இந்த நோய்க்குக் கண்டிப்பா வேணும். மார்கழித் தேரோட்டத்துக்கு முழுக்கை ஜாக்கெட், குடை, கிரீம். வடம் தொடல, தெரு ஓரத்துல நிழல்ல நின்னு பாத்தாங்க.

எங்க போறதுன்னு கேப்பீங்க. இதைப் பாக்கிற டாக்டருக்கு ருமட்டாலஜிஸ்ட்னு பேரு, எலும்பு டாக்டர் வேற, இவங்க வேற. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில இதுக்குத் தனித் துறை இருக்கு, வேலூர் சிஎம்சியிலயும் இருக்கு. எங்க மாவட்டத்துக்காரங்க முதல்ல ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போலாம். எங்க போனாலும் தோல் கதையையும் தசைக் கதையையும் ஒரே டாக்டர்கிட்ட, ஒரே மூச்சுல சொல்லுங்க. இமையையும் விரலையும் ஜன்னல் வெளிச்சத்துல ஃபில்டர் இல்லாம, தேதியோட ஃபோட்டோ எடுத்து வச்சுக்குங்க. களிம்பு பூசி மறைஞ்சிருக்கிற நாள்ல போனா டாக்டருக்குக் காட்ட அது ஒண்ணுதான் இருக்கும்.

நீங்க பெங்களூர்லயோ சென்னையிலயோ இருந்துக்கிட்டு, வாரத்துக்கு ஒரு வீடியோ கால்ல அம்மாகிட்ட "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா"ன்னு கேப்பீங்க இல்லையா. "நல்லா இருக்கேன்"னு ஒரே பதில்தான் வரும். இந்த வாரம் வேற ஒண்ணு கேளுங்க. தலை யாரு பின்னி விடுறா, மேல் அலமாரியில இருக்கிற டப்பாவை யாரு எடுத்துத் தர்றா, தரையில உக்காந்து எழுந்திரிக்க எதைப் பிடிக்கிறேன்னு.

அடுத்த எபிசோட்ல டெக்குக்குத் திரும்பிடலாம். சித்தி இதைக் கேட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு அப்போ சொல்றேன். வரட்டா.